முன்னிலை

பீல் என்று ஒரு வரி, பியென் என்று மறு வரி.
பெயர்ப்பலகைக்கே இரண்டு நாக்கு உள்ள ஊர்.
கடையில் யார் முதலில் வாய் திறக்கிறாரோ
அவர் மொழியிலேயே மிச்சக் காசும் வரும்.
ஆய்வுக்கு இதைவிடத் தோதான இடம் கிடையாது என்றார் நெறியாளர்.
அவருக்குத் தமிழ் தெரியாது.

எட்டு மாடிக் கட்டடத்தில் ஆறாவது மாடி.
ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் தவமலர்.
எதிர்க் கதவில் நாகேஸ்வரி, கடிகாரத் தொழிற்சாலை.
படிவத்தில் 'பிறந்த ஊர்' என்ற கட்டத்தில்
இருவரும் ஒரே பெயரை எழுதியிருந்தார்கள்.
லிப்டுக்குள் மட்டும்
'பொன்ஜூர் மடாம், வூ ஸலே பியான்?'
'வீ, மெர்சி. ஏ வூ?'
பதினேழு வருஷமாக.

நான் திருநெல்வேலிக்காரி. என் அட்டவணையில்
வீடு, வேலை, கோயில், தொலைபேசி எல்லாவற்றுக்கும் நிரல் உண்டு,
இதற்கு இல்லை.
'மொழி இழப்பு' என்று பென்சிலால் எழுதினேன்.
பிறகு ஒரு கேள்விக்குறி போட்டேன்:
தவமலர் சலவை இயந்திரத்தையே தமிழில்தான் திட்டுகிறார்.

மூன்றாம் சந்திப்பில், தேநீர் ஆறிய பிறகு:
"தமிழிலை கதைச்சால் ஒண்டைத் தெரிவு செய்யோணும், பிள்ளை.
நீ, நீர், நீங்கள்.
ஊரிலை என்ரை அம்மாவை
அவையின்ரை பள்ளிக்கூடப் பிள்ளையளும் நீ எண்டுதான்.
அம்மா அந்தப் பிள்ளையளுக்கும் நீங்கள் எண்டுதான்.
ஒரே ஊர். ரெண்டு கிணறு.
இப்ப அவவை நான் நீங்கள் எண்டால் எனக்குத் தொண்டை அடைக்கும்.
நீ எண்டால் அவவுக்கு அடைக்கும்.
வூ, அது வெள்ளைக்காரன்ரை கிணறு.
ஆரும் அள்ளலாம்."

முதல் வருஷம் தமிழில்தான் முயன்றார்களாம்.
சாப்பிட்டாச்சோ. குப்பை போட்டாச்சோ. குளிர் தொடங்கியிட்டுது.
ஆளே இல்லாத வாக்கியங்கள்.
ஓர் 'ஆச்சு'வுக்குப் பின்னால் இருவர்
எத்தனை நாள் ஒளிந்து நிற்பது?

எங்கள் தெருவில் துணி தேய்க்க வந்தவருக்கு
என் அப்பாவின் வயது.
எட்டு வயதில் நான் சொன்னது: 'இந்தா, எடுத்துக்க.'
ஏவல் ஒருமை என்று பின்னாளில் பரீட்சையில் பிரித்துக் காட்டி
முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்.

பிப்ரவரியில் ஒரு மாலை மூவரும் லிப்டில்.
நான்குக்கும் ஐந்துக்கும் நடுவே ஒரு குலுக்கல்,
விளக்கு போயிற்று.
யார் பையிலிருந்தோ உருளைக்கிழங்கு உருண்டது.
தவமலரின் மூச்சு விசில் மாதிரி ஏறிக்கொண்டே போனது.
இருட்டுக்குள் நாகேஸ்வரி:
"பயப்பிடாதையும். என்ரை கையைப் பிடியும்."

உம்.
எங்கள் ஊரில் ஆம்பிளைகள் டீக்கடையில்
'வாரும்வே' என்று கூப்பிட்டுக்கொள்ளும் அதே விகுதி.
ஒரு பெண் இன்னொரு பெண்ணிடம் சொல்லி
நான் கேட்டதில்லை.
கை பிடிபட்டதா, தெரியாது. இருட்டு.
என் மடியில் மட்டும் சிவப்பாக ஒரு புள்ளி.

வெளிச்சம் வந்ததும் தவமலர் அதைத்தான் பார்த்தார்.
"உதை அழிச்சுப்போடும்."
உதை என்றதும் ஒரு கணம் காலை இழுத்துக்கொண்டேன்.
பிறகுதான் உறைத்தது: எதிரில் நிற்பவர் கையில் இருப்பது, உது.
வழக்கொழிந்த சுட்டு என்று வகுப்பில் அரை நிமிடத்தில்
நாங்கள் தாண்டிப் போன உகரம்.
நாகேஸ்வரி குனிந்து கிழங்கு பொறுக்கிக்கொண்டிருந்தார்.
இரண்டு பைகளிலும் மாற்றி மாற்றிப் போட்டார்,
எது யாருடையது என்று கேட்கவில்லை.

அழித்தேன். ஆய்வேட்டில் நாற்பத்து மூன்று வினாடி இல்லை.
அழித்தேன் என்றுதான் சொன்னேன்,
இதோ எழுதிக்கொண்டும் இருக்கிறேன்.

அடுத்த வாரம் நான் படிக்கட்டில் ஏறிப் போனேன்.
ஐந்தாம் மாடியில் மூச்சு வாங்க நின்றபோது
மேலே இரண்டு கதவுகள் திறந்தன.
'பொன்ஜூர்,' என்றது ஒரு குரல்.
'மடாம்' வரவில்லை. வேறெதுவும் வரவில்லை.
அந்த மௌனத்தை அளக்க என் பையில் கருவி இருந்தது.
கைப்பிடிச் சுவரை இறுகப் பிடித்தபடி
லிப்ட் வரும்வரை நின்றேன்.